அந்த பஸ் போர்டுக்குத் தொண்ணூறு வயது ஆகவில்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

சென்ற ஞாயிறு இணைப்பிதழில் புதுச்சேரியைப் பற்றி ஒரு கட்டுரை போட்டிருந்தீர்கள். பழைய பஸ் போர்டு, ரயில்வே போர்டு எல்லாம் தேடித் தேடி வாங்கி, தன் காபிக் கடைச் சுவர் முழுக்க மாட்டி வைத்திருக்கும் ஓர் இளைஞரைப் பற்றியது. நல்ல கட்டுரைதான், இரண்டு தடவை படித்தேன். ஆனால் மூன்றாவது படத்துக்குக் கீழே ‘பிரிட்டிஷ் காலத்து பஸ் போர்டு, வயது 90’ என்று இருந்ததைப் பார்த்ததும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தேன்.

படத்தில் இருப்பது ‘திருவண்ணாமலை’. அதில் கடைசி எழுத்தைப் பாருங்கள். முன்னால் இணைக்கொம்பு போட்டு, பிறகு ல எழுதிய லை. அதற்கு இரண்டு எழுத்து முன்னால் ணா. ண-வுக்குப் பக்கத்தில் கால் தனியாக நிற்கிறது. 1978க்கு முன்னால் அரசு பஸ் போர்டில் இந்த லையும் இந்த ணாவும் வர வழியே இல்லை. பத்திரிகை ஆபீஸில் இத்தனை பேர் இருந்தும் ஒருவர் கண்ணிலும் படவில்லையே என்று கொஞ்சம் வருத்தமாக இருந்தது. உங்களைக் குறை சொல்லவும் முடியாது. இப்போது எழுதப் படிக்கிற பிள்ளைகளுக்கு வேறொரு லை இருந்தது என்பதே தெரியாது.

நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். கடலூர் முதுநகரில் இருக்கிறேன். 1970இல், பதினைந்து வயதில் பிரஷ் பிடித்தேன். ஃப்ளெக்ஸ் பேனர் வந்து எங்கள் பிழைப்பில் மண்ணைப் போடும்வரை கடை போர்டு, லாரி, படகு, சுவர், பஸ் என்று எழுதாத இடமில்லை. பஸ் டெப்போக்களில் சொந்தமாக பெயின்டர்கள் உண்டு. வேலை குவியும்போது வெளியிலிருந்து எங்களைக் கூப்பிடுவார்கள். ‘கரம் சிரம் புறம் நீட்டாதீர்’ என்று எத்தனை பஸ்ஸில் எழுதியிருப்பேன் என்பதற்குக் கணக்கில்லை. பௌர்ணமி வந்தால் திருவண்ணாமலை போர்டுக்கு அவசரம் வந்துவிடும். காலையில் சொல்லி மாலைக்குள் கேட்பார்கள். பெயின்ட் காயாமலேயே போர்டு வண்டி ஏறும். அதனால் ‘திருவண்ணாமலை’ என்ற பெயரை நான் என் பெயரை எழுதியதைவிட அதிகம் எழுதியிருக்கிறேன்.

பழைய லை எப்படி இருக்கும் என்று தெரியாதவர்களுக்கு: முன்னால் கொம்பு கிடையாது. ல-வின் தலைப் பக்கத்தில் யானை தும்பிக்கையைத் தூக்கின மாதிரி ஒரு வளைவு, அவ்வளவுதான். ணை, னை, ளை மூன்றும் அப்படியே. ‘சென்னை’ என்று எழுதினால் தும்பிக்கை வரும். ணா, றா, னா மூன்றுக்கும் கால் தனியாக நிற்காது, எழுத்தின் கடைசிக் கோடே கீழே இறங்கிச் சுழியும். இவற்றோடு ண, ற, ன மூன்றின் ஒகர ஓகாரமும் (ணொ, ணோ, றொ, றோ, னொ, னோ) சேர்த்து மொத்தம் 13 எழுத்து. 1978 அக்டோபரில் எம்.ஜி.ஆர். ஆட்சியில் அரசாணை போட்டு இந்தப் பதின்மூன்றையும் மாற்றினார்கள். பெரியார் 1935லேயே ‘குடி அரசு’ இதழில் தொடங்கி வைத்த எழுத்து அது. நாற்பத்து மூன்று வருடம் கழித்து அரசாங்கம் எடுத்துக்கொண்டது.

எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்த வாத்தியார் கறுப்புச் சட்டைக்காரர். அவர் வேலையில் இதை வைத்து ஒரு வேடிக்கை உண்டு. கட்சிக் கூட்டத்துக்குச் சுவரெழுத்து எழுதும்போது அவர் போடுவது கொம்பு வைத்த லை. அதே கையால் மறுநாள் மளிகைக் கடைக்குப் போர்டு எழுதும்போது தும்பிக்கை லை. “கடைக்காரன் காசு குடுக்கிறான், அவன் லைதான் அவனுக்கு” என்பார். ஆகவே 1978க்கு முன்பே புதிய லை சுவரில் உண்டு. அரசு போர்டில்தான் கிடையாது.

இதில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. அதையும் சொன்னால்தான் நியாயம். புதிய எழுத்து இருந்தால் அரசு போர்டு 1978க்குப் பிந்தியது என்று அடித்துச் சொல்லலாம். பழைய எழுத்து இருந்தால் 1978க்கு முந்தியது என்று அடித்துச் சொல்ல முடியாது. அரசாணை சென்னையில் கையெழுத்தான அன்றைக்கே கடலூரில் பெயின்டர் கை மாறிவிடுமா? நானே 1981, 82 வரைக்கும் அசந்த நேரத்தில் தும்பிக்கை போட்டுவிட்டு, டர்பன்டைன் துணியால் துடைத்து மாற்றி எழுதியிருக்கிறேன். தனியார் பஸ் முதலாளி ஒருவர், பஸ் நெற்றியில் இருந்த சாமி பெயரில் புதிய ணா போடவே விடவில்லை. “அந்த எழுத்துலதான்யா வண்டி நல்லா ஓடுது, நீ பாட்டுக்கு மாத்திடாதே” என்று சொல்லிவிட்டார். அந்த வண்டி உடைக்கப் போகும்வரை பழைய ணாவோடேயே ஓடியது.

எங்களுக்குக் கூலி எழுத்துக் கணக்கு. புள்ளி வைத்த எழுத்துக்குக் காசு உண்டா இல்லையா என்பது தீராத சண்டை. ‘திருப்பாதிரிப்புலியூர்’ என்பதில் பதினொரு எழுத்து, அதில் மூன்று புள்ளி எழுத்து. எட்டுக்குத்தான் காசு என்பார்கள் சிலர். ஊரில் எல்லோரும் திருப்பாப்புலியூர் என்றுதான் சொல்கிறோம், எழுதும்போது மட்டும் எங்களுக்கு முழுப் பெயரும் வேண்டும். இடுப்பு ஒடிந்ததுதான் மிச்சம். எழுத்துச் சீர்திருத்தம் வந்த பிறகு திருவண்ணாமலைக்கும் இதே கதை. பழைய எழுத்தில் ஏழு இடம் போதும். புதிய எழுத்தில் காலும் கொம்பும் தனித்தனியாக இடம் கேட்கும், ஒன்பது இடம் ஆகிவிடும். கூலியோ ஏழு எழுத்துக்குத்தான். தகடும் அதே மூன்றரை அடிதான்.

இந்த ஏழு, ஒன்பது கணக்கைக் காரணத்தோடுதான் சொல்கிறேன். பின்னால் வரும்.

சரி, படத்தை மட்டும் பார்த்து எழுதுவது முறையில்லை என்று புதன்கிழமை பஸ் ஏறினேன். பெண்ணையாற்றுப் பாலம் தாண்டி, ரெட்டிச்சாவடி, கன்னியக்கோயில், தவளக்குப்பம் என்று ஒவ்வொரு நிறுத்தத்திலும் பெயர்ப் பலகையைப் பார்த்துக்கொண்டே போனேன். எல்லாம் கம்ப்யூட்டர் எழுத்து. ஒன்றுகூடக் கையெழுத்து இல்லை. கடை வெள்ளைக்காரத் தெருப் பக்கம், கடற்கரையிலிருந்து இரண்டு தெரு உள்ளே. வாசலில் நீலத் தகட்டில் பிரெஞ்சிலும் தமிழிலும் தெருப் பெயர். ஒரு காபி விலையைப் பார்த்துவிட்டு, வெறும் தண்ணீர் போதும் என்று சொல்லிவிட்டேன். விஷயத்தைச் சொன்னதும் அந்தத் தம்பி காபியைத் தானே கொண்டுவந்து வைத்தார், காசும் வாங்கவில்லை. நல்ல பிள்ளை. நான் சொல்லப் போவதெல்லாம் அவர்மேல் குறை இல்லை.

“ஐயா, இது பழைய எனாமல் போர்டு, வித்தவர் சொன்னார்” என்றார்.

“எனாமல் பெயின்ட் அடிச்சதெல்லாம் எனாமல் போர்டு ஆகாது தம்பி” என்றேன்.

இந்தக் குழப்பம் ரொம்பப் பேருக்கு இருக்கிறது, விற்கிறவர்களுக்கு அது சௌகரியம். உண்மையான எனாமல் போர்டு என்பது இரும்புத் தகட்டின் மேல் கண்ணாடித் தூளைப் பூசி, சூளையில் 800 டிகிரி அளவு சூட்டில் உருக்கி ஒட்ட வைப்பது. ஒவ்வொரு நிறத்துக்கும் தனியாகச் சூளைக்குப் போய் வரும். நகத்தால் கீறினால் கண்ணாடியைக் கீறின மாதிரி வழுக்கும். அடிபட்டால் உரியாது, சில்லாகப் பெயரும். பாட்டி வீட்டு எனாமல் பேசினில் விளிம்பு பெயர்ந்து கறுப்பாகத் தெரியுமே, அதே மாதிரி. எத்தனை வருடம் வெயிலில் கிடந்தாலும் நிறம் போகாது. நாங்கள் எழுதியது டப்பா பெயின்ட். ஜி.ஐ. தகட்டில் பிரைமர் அடித்து, மஞ்சள் கிரவுண்டு கொடுத்து, சாக்பீஸ் தூள் தேய்த்த நூலை இழுத்துச் சுண்டிக் கோடு போட்டு, அணில் முடி பிரஷ்ஷால் கறுப்பில் எழுதுவது. ஐந்து வருடம் வெயில் பட்டால் மஞ்சள் வெளுக்கும். அதனால்தான் திரும்பத் திரும்ப எழுத வேண்டியிருந்தது, அதனால்தான் எங்களுக்கும் சோறு கிடைத்தது.

சுவரிலிருந்து போர்டைக் கழற்றச் சொன்னேன். முதலில் தயங்கினார், அப்புறம் ஸ்டூல் போட்டுக் கழற்றினார்.

பஸ் போர்டைப் பார்க்கிறவர்கள் முதலில் பின்பக்கத்தைத்தான் பார்க்க வேண்டும். போகும்போது ஒரு ஊர், திரும்பும்போது ஒரு ஊர். கண்டக்டர் போர்டைத் தூக்கித் திருப்பிச் செருகுவார். பின்பக்கம் ‘கடலூர்’ என்று இருந்தது. கீழ் மூலையில் சின்னதாகச் சிவப்பில் ‘த.பெ.போ.க.’. தந்தை பெரியார் போக்குவரத்துக் கழகம். விழுப்புரத்தில் அந்தக் கழகம் ஏற்பட்டது 1975இல். 1997இல் தென் மாவட்டங்களில் ஒரு போக்குவரத்துக் கழகத்துக்கு வீரன் சுந்தரலிங்கம் பெயரை வைத்ததை ஒட்டிக் கலவரம் வந்து, எல்லாக் கழகங்களிலிருந்தும் தலைவர்கள் பெயரை எடுத்துவிட்டார்கள். சேரன், சோழன், பாண்டியன், பல்லவன், திருவள்ளுவர், கட்டபொம்மன் என்று இருந்ததெல்லாம் அப்போது போனதுதான். எங்கள் மாவட்டமும் அப்போதுதான் வள்ளலார் பெயரை விட்டு வெறும் கடலூர் மாவட்டம் ஆயிற்று. ஆக, அந்தத் தகடு 1975க்கு முன்னால் பஸ் ஏறியிருக்க முடியாது, எழுத்து 1997க்குப் பின்னால் இருக்கவும் வாய்ப்பில்லை. தொண்ணூறு எங்கே, இது எங்கே.

போர்டு போலி இல்லை என்பதையும் இங்கே பதிவு செய்துவிடுகிறேன், அவருக்கு வியாபாரம் கெடக் கூடாது. இரண்டு ஓரத்திலும் மேலிருந்து கீழாக நூல் நூலாகக் கீறல். சட்டத்தில் செருகிச் செருகி எடுத்ததில் வருவது. துருவும் வர வேண்டிய இடத்தில்தான் வந்திருக்கிறது: அடி விளிம்பில், மழைத் தண்ணீர் தங்குகிற இடத்தில். புதிதாகச் செய்து பழசு என்று விற்கிறவர்கள் உப்புத் தண்ணீரும் வினிகரும் தெளித்து நடுவில் பொரிப்பொரியாகத் துரு பிடிக்க வைப்பார்கள். கடலூர்க்காரனுக்கு உப்புக் காற்றுத் துரு எப்படி இருக்கும் என்று யாரும் சொல்லித்தர வேண்டாம்.

அப்புறம் தம்பியிடம் செல்போன் டார்ச்சைக் கேட்டேன். போர்டைத் தரையில் படுக்க வைத்து, வெளிச்சத்தைப் பக்கவாட்டில், தகட்டோடு தகடாகப் பிடிக்கச் சொன்னேன். நேராக வெளிச்சம் அடித்தால் மேல் எழுத்து மட்டும்தான் தெரியும். சாய்வாக அடித்தால் கீழே புதைந்திருக்கும் பழைய எழுத்தின் மேடு நிழல் விடும். பிரஷ் பெயின்ட்டுக்குக் கனம் உண்டு, மேலே எத்தனை கோட் அடித்தாலும் அந்த மேடு போகாது.

மஞ்சளுக்கு அடியில் இன்னொரு திருவண்ணாமலை இருந்தது. அகலம் அகலமான எழுத்து, இடைவெளி தாராளம். ஏழு இடம். கடைசியில், இப்போதைய லையின் கொம்புக்கும் உடம்புக்கும் குறுக்கே, தும்பிக்கை தூக்கின வளைவு. அதற்கு மேலே இருக்கிற எழுத்தோ ஒல்லி ஒல்லியாக, ஒன்றை ஒன்று இடித்துக்கொண்டு நிற்கிறது. ஒன்பதை அதே மூன்றரை அடிக்குள் திணித்த அவஸ்தை ஒவ்வொரு எழுத்திலும் தெரிகிறது. ‘ம’ பாவம், மூச்சுவிட இடமில்லாமல் நின்றது. எனக்குக் கொஞ்ச நேரம் பேச்சு வரவில்லை. தம்பி பேசாமல் டார்ச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

“நீங்க எழுதினதா ஐயா?” என்று கேட்டார். இல்லை. என் ரு-வின் வால் இவ்வளவு நீளாது. கீழே இருப்பது யார் கை என்று தெரியவில்லை, மேலே இருப்பதும் தெரியவில்லை. இரண்டும் ஒரே ஆள் கையாகக்கூட இருக்கலாம், ‘தி’யின் வளைவு ஒத்துப்போகிறது. ஆணையிட்டுச் சொல்ல மாட்டேன்.

இனிமேல்தான் நான் இந்தக் கடிதம் எழுதவே காரணமான விஷயம். அந்தத் தம்பி அடுத்த மாதம் எல்லா போர்டுகளையும் ‘ரீஸ்டோர்’ செய்யக் கொடுக்கப் போகிறாராம். உரிந்த பெயின்ட்டைச் சுரண்டி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, அதே எழுத்தைப் புதிதாக எழுதி, மேலே பளபளவென்று வார்னிஷ் அடித்துத் தருவார்களாம். உங்கள் கட்டுரையிலும் அதைப் பாராட்டியே ஒரு வரி இருக்கிறது. தயவு செய்து வேண்டாம் என்று சொல்லுங்கள். அவரிடம் நேரில் சொன்னேன், யோசிக்கிறேன் என்றார். பேப்பரில் வந்தால் கேட்பார். அவர் மட்டும் இல்லை, உங்கள் கட்டுரையைப் படித்துவிட்டு இன்றைக்கே பழைய இரும்புக் கடைக்குப் புறப்பட்டிருக்கும் மற்ற பேரும் கேட்கட்டும். உப்புத்தாள் போட்டால் முதலில் போவது மேடு. அந்தத் தும்பிக்கை ஒரே நிமிடத்தில் தூளாகிவிடும். பஸ் ஸ்டாண்டு வெயிலில் உட்கார்ந்து, ஏழு எழுத்துக் கூலிக்கு ஒன்பது இடம் எழுதியவனின் கணக்கும் அதோடு போச்சு.

தூசியை உலர்ந்த மெல்லிய துணியால் தட்டினால் போதும். ரொம்ப அழுக்கென்றால் ஈரத் துணி, உடனே உலர்ந்த துணி. ஆசிட், சோடா, கம்பிப் பிரஷ் எதுவும் கூடாது. துரு பரவுகிற ஓரத்தில் மட்டும் லேசாக மெஷின் ஆயில் தொட்டு வைக்கலாம். கடல் பக்கத்துச் சுவரில் நேராக ஆணி அடித்து மாட்டாமல், நடுவில் மரக்கட்டை கொடுத்துக் காற்று போக விட வேண்டும்.

கறையும் சில சமயம் சரக்குதான். 1965 இந்தி எதிர்ப்பின்போது எங்கள் பக்கத்து ஸ்டேஷன் ஒன்றில் பெயர்ப் பலகையின் இந்தி எழுத்து மேல் தார் பூசியதைப் பத்து வயதில் வேடிக்கை பார்த்தவன் நான். அப்படித் தார்த் திட்டோடு ஒரு பலகை யாருக்காவது கிடைத்து, அழுக்கு என்று பெட்ரோல் விட்டுத் துடைத்தால் என்ன சொல்வது? ‘மூன்றாம் வகுப்பு’ என்று தகடு கிடைத்தால் அது 1974க்கு முந்தையது, ஏனென்றால் அந்த வருடம் ரயிலில் அந்த வகுப்பையே எடுத்துவிட்டார்கள். கட்டணப் பலகையில் ‘ந.பை.’ என்று இருந்தால் நயா பைசா. 1957இலிருந்து 1964 வரைதான் அந்தப் பெயர். பண்ருட்டியில் ஒரு பழைய சாமான் கடையில் அப்படி ஒரு பலகையைப் பார்த்திருக்கிறேன். கடைக்காரர் அதன்மேல் சோப்பு டப்பா அடுக்கியிருந்தார். ‘மாயவரம்’ என்று ஸ்டேஷன் பெயர் இருந்தால் ரொம்பப் பழசு, மயிலாடுதுறை ஆனது 1982இல். பஸ்ஸில் ‘ஊனமுற்றோர்’ இருக்கை என்று இருந்தால் பெரும்பாலும் 2010க்கு முன்னால் எழுதியது, அதற்குப் பிறகு மாற்றுத்திறனாளிகள் என்று மாற்றிவிட்டார்கள். ‘புதுச்சேரி’ மட்டும் ஏமாற்றும். 2006இல் மாறியது ஆங்கிலப் பெயர்தான். தமிழில் நாங்கள் அதற்கு முன்பே புதுச்சேரி என்றுதான் எழுதினோம்.

ரயில்வே சாமான் பற்றி ஒரு எச்சரிக்கை. 2006 கடைசியில் விழுப்புரம் - மயிலாடுதுறை மீட்டர் கேஜ் பாதையை அகலப்பாதை ஆக்க மூடினார்கள். 2010இல்தான் மறுபடி ரயில் வந்தது. ஆலப்பாக்கம், புதுச்சத்திரம், பரங்கிப்பேட்டை என்று சின்னச் சின்ன ஸ்டேஷன்களில் இருந்த பழைய தகடுகள் பல அந்த நாலு வருடத்தில் எங்கெங்கோ போயின. ஒரு நாள் எங்கள் தெருப் பையன் ஒருவன் சாக்கில் சுற்றி ஒரு பலகை கொண்டுவந்து, “தாத்தா, இது என்ன விலை போகும்?” என்றான். எங்கே கிடைத்தது என்றதற்கு, “சும்மா கெடந்துது” என்றான். ரயில்வேயில் எதுவும் சும்மா கிடக்காது. ரயில்வே சொத்தைச் சட்டவிரோதமாக வைத்திருப்பதற்கென்றே 1966இல் ஒரு சட்டம் இருக்கிறது. திருட்டுச் சாமான் என்று நியாயமான சந்தேகம் வந்தால், நேர்வழியில் வந்தது என்று வைத்திருப்பவர்தான் காட்ட வேண்டும். முதல் தடவைக்கே ஐந்து வருடம் வரை உள்ளே போகலாம். ஏலத்தில் எடுத்த சாமான் என்றால் ரசீது இருக்கும், அந்த ரசீதின் நகலைப் போர்டுக்குப் பின்னாலேயே ஒட்டி வையுங்கள். பையன் அன்று இருட்டிய பிறகு பலகையை எடுத்த இடத்திலேயே போட்டுவிட்டு வந்தான். வரும்போது முழங்காலில் சிராய்ப்பு.

வெளிநாட்டில் இதற்கெல்லாம் ஒழுங்கான வழி வைத்திருக்கிறார்கள் என்று பேரன் செல்போனில் காட்டினான். நியூயார்க்கில் சுரங்க ரயிலை நடத்துகிறவர்களே கழித்த போர்டுகளை நேரடியாக விற்கிறார்களாம், திருட்டுக்கும் போலிக்கும் அங்கே பாதி வேலை இல்லை. லண்டனில் போக்குவரத்துக்கென்றே மியூசியம். அந்த ஊர் சுரங்க ரயிலுக்கு 1916இல் எட்வர்ட் ஜான்ஸ்டன் என்பவர் வடித்துக் கொடுத்த எழுத்தைத்தான் சின்னச் சின்ன மாற்றத்தோடு இன்றைக்கும் போடுகிறார்கள். அவர் பெயரையும் எழுத்தின் பெயராகவே வைத்திருக்கிறார்கள். பேரன் அதைச் சொன்னபோது, “அவருக்கு எழுத்துக்கு என்ன கூலி?” என்று கேட்டேன். அது போனில் இல்லை.

இங்கே டெப்போவில் எல்.இ.டி. வந்த பிறகு பழைய தகடு போர்டுகள் என்ன ஆயின என்று விசாரித்தேன். நான் வேலை செய்த ஒரு டெப்போவில் கூரை ஒழுக்குக்கு மேலே போட்டிருந்தார்கள், மீதி எடைக்குப் போயிற்று என்றார்கள். யாரையும் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை, நாங்களே அதைப் பொக்கிஷம் என்று நினைத்ததில்லை. என்னிடம் இருந்ததையாவது பத்திரமாக வைத்தேனா என்றால், வாத்தியாரின் பிரஷ் பெட்டி, ஸ்டென்சில் கட்டு, பதினைந்து இருபது போர்டு எல்லாம் பின்கட்டில் ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்கு அடியில் வைத்திருந்தேன். 2011 டிசம்பர் 30, தானே புயல். காலையில் பார்த்தால் கூரையும் இல்லை, கட்டும் இல்லை. ‘நெய்வேலி’ என்று எழுதிய ஒரே ஒரு போர்டு மூன்று வீடு தள்ளி முருங்கை மரத்தில் வளைந்து தொங்கியது. அதைத்தான் நிமிர்த்தி வைத்திருக்கிறேன்.

கடலூரில் அரசு அருங்காட்சியகம் இருக்கிறது. கல்வெட்டுக்கும் சிலைக்கும் பக்கத்தில் ஒரு சுவர், பத்து பஸ் போர்டு, கூடவே எந்த டெப்போ, எந்தத் தடம், ஏறக்குறைய எந்த வருடம் என்று ஒரு சீட்டு. செலவு என்று பார்த்தால் ஆணியும் நூலும். எங்கள் தொழிலில் இன்னும் நாலைந்து பேர் இந்த மாவட்டத்தில் கண் தெரிந்து நடமாடுகிறோம். கூப்பிட்டால் வந்து எது யார் கை என்று சொல்லுவோம். பஸ் செலவு கொடுத்தால் போதும்.

திருத்தம் வெளியிடுவதாக இருந்தால் படத்துக்குக் கீழே இப்படிப் போடலாம்: ‘கடலூர் - திருவண்ணாமலை தட பஸ் போர்டு. தந்தை பெரியார் போக்குவரத்துக் கழகம். தகடு 1975க்குப் பிறகு. மேல் எழுத்து 1978க்கும் 1997க்கும் இடையில். அடியில் பழைய எழுத்து இருக்கிறது.’

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற போர்டு ஆர்ட்டிஸ்ட் ஒருவர்,
கடலூர் முதுநகர்.

பின்குறிப்பு: அதே பக்கத்தில் ஐந்தாவது படத்தில் இருக்கும் ‘புகை பிடிக்காதீர்’ உண்மையான எனாமல் தகடு மாதிரிதான் தெரிகிறது. வலது ஓரத் துளையைச் சுற்றிச் சில்லு பெயர்ந்திருப்பது அப்படித்தான் சொல்கிறது. புதன்கிழமை திருவண்ணாமலையைப் பார்த்த பரபரப்பில் அதை நகத்தால் கீறிப் பார்க்க மறந்துவிட்டேன். அடுத்த வாரம் மறுபடி போகிறேன், தம்பி டார்ச்சை சார்ஜ் போட்டு வைக்கிறேன் என்றிருக்கிறார்.